நீ வைத்த ஒன்றரை டிகிரி

மச்சான்,

இரண்டு கிழமைக்கு முன், ஒரு சனிக்கிழமை பின்னேரம், மகள் சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நகத்துக்குக் கியூடெக்ஸ் பூசிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் சிநேகிதி ஒருத்தியின் கலியாணமாம். நான் எதிரில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவள் மூடியைத் திறந்ததும் அந்த மணம் வந்தது. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பி பல்கனிக்குப் போய்விட்டேன்.

"என்னப்பா, மணம் ஒத்துக்கொள்ளேல்லையா?" என்று உள்ளே இருந்து கேட்டாள்.

"ஓம் பிள்ளை, கொஞ்சம் தலையிடி" என்றேன்.

தலையிடியும் இல்லை, ஒன்றும் இல்லை. உன் விசயத்தில் பொய் சொல்ல எனக்கு யோசிக்கவே தேவையில்லை. பழகிப்போய்விட்டது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது, இன்னும் பழக்கம் விடவில்லை.

அந்த மணத்துக்கும் எனக்கும் என்ன என்று நீ கேட்கமாட்டாய். உன் கருவிப்பெட்டியில், ஸ்பனர்களுக்கு நடுவில், எப்போதும் ஒரு கியூடெக்ஸ் போத்தல் கிடக்கும். உன் மனுசி சுபாவினுடையது. கறுப்பு ஓடிய சிவப்பு. கலியாணம் முடித்த புதிதில் வாங்கியதாம், ஒரு முறை பூசிவிட்டு நிறம் பிடிக்கவில்லை என்று ஒதுக்கி வைத்தாள், நீ அபகரித்துக்கொண்டாய். போல்ட் ஒன்றை இறுக்கி முடித்ததும், பல்லுக்குத்தும் குச்சியின் நுனியில் அதைத் தொட்டு, போல்டின் தலையிலிருந்து தகடு வரைக்கும் மெல்லிய கோடு ஒன்று போடுவாய். போல்ட் கொஞ்சம் அசைந்தாலும் கோடு வெடித்துவிடும். "கோடு முழுசா இருந்தால் நான் வைச்ச இடத்திலதான் இருக்கு. ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை" என்பாய்.

வெள்ளவத்தையில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் உனக்கு வேலை. வில்லைகளைத் தேய்த்து, வெட்டி, சட்டத்தில் பொருத்துவது. அளவைத் தவிர உன் வாயில் வேறு கதை வராது. "ஆக்ஸிஸ் அரை டிகிரி பிழைச்சால் சனம் தலையிடி எண்டு திரும்பி வரும்" என்று ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்வாய். நான் அதே தெருவில் காப்புறுதிக் கந்தோரில் இருந்தேன். கண்ணாடி மாற்ற வந்தவன், உன் மேசையில் கார்ப் படம் போட்ட கலண்டரைப் பார்த்துக் கதை கொடுத்தேன். நாற்பது வயதைத் தாண்டிய இரண்டு பேர், தொப்பையும் தொங்க, காரோட்டப் போட்டிக்குப் போகத் தொடங்கியது அப்படித்தான். பழைய யப்பான் கார். ஓடுவது நான், காரைச் செய்வது நீ.

முன் சில்லுகளின் சாய்வுதான் உன் செல்லப்பிள்ளை. சைக்கிளில் வளைவு எடுக்கும்போது நாங்கள் உடம்பை உட்பக்கம் சரிப்போமே, அதுபோல முன் சில்லின் மேற்பகுதியைக் கொஞ்சம் உள்ளே சாய்த்து வைத்தால் வளைவில் டயர் ரோட்டை நன்றாகப் பிடிக்கும். கேம்பர் என்பார்கள். கூட்டினால் வளைவுக்கு நல்லது, பிரேக்குக்குக் கூடாது. எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கொட்டாஞ்சேனையில் உன் வீட்டு முற்றத்தில் நீ அதை அளக்கும் விதத்தைப் பார்க்கவே அயலட்டை எட்டிப் பார்க்கும். முற்றம் தண்ணீர் வழிந்தோடும் கான் பக்கம் சரிவு. அதனால் மேசன்மார் பாவிக்கிற தெளிந்த குழாயில் தண்ணீர் நிரப்பி, நாலு சில்லுக்கும் மட்டம் பார்த்து, தாழ்ந்த பக்கத்துச் சில்லுகளுக்குக் கீழே தரையோடுகளை ஒவ்வொன்றாகச் செருகுவாய். பிறகு நூலில் இரும்புக் குண்டைக் கட்டிச் சில்லின் முன்னால் தொங்கவிட்டு, நூலுக்கும் விளிம்புக்கும் இடையில் மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று அளப்பாய். இத்தனையும் போதாதென்று, ஓட்டுபவனின் பாரமும் சீட்டில் இருக்க வேண்டும். நானே சீட்டில் இருந்தால் கைகொடுக்க ஆள் இல்லை. எனவே சுபா வந்து ஏறுவாள். அவள் பாரத்துக்கும் என் பாரத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மடியில் இரண்டு அரிசிப் பை.

"அண்ணா, நீங்கள் கொஞ்சம் மெலிஞ்சால் எனக்கு ஒரு பை குறையும்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு பேப்பரை விரிப்பாள்.

"கதைக்காதை, கார் ஆடுது" என்பாய் நீ கீழே படுத்தபடி.

"கதைச்சால் கார் ஆடுமோ?"

"நீ கதைச்சால் ஆடும்."

கடைசி முறையும் அப்படித்தான் நடந்தது. ஒரு போயா நாள், பௌர்ணமி லீவு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாதையில் மலையேற்றப் போட்டி. காலையிலேயே தொடங்கினோம். நடுவில் ஒரு தரம் குக்கர் விசில் அடித்தது. சுபா அரிசிப் பைகளைப் பக்கத்துச் சீட்டில் தள்ளிவிட்டு ஓடிப்போய், அடுப்பை நிறுத்திவிட்டு வந்து திரும்ப ஏறினாள். நீ முணுமுணுத்துக்கொண்டு முதலிலிருந்து அளந்தாய். ஒன்றரை டிகிரி, இரண்டு பக்கமும். மூன்று தரம் பார்த்தாய். பிறகு கோடு போட்டாய்.

நான் அன்று உன்னிடம் கேட்டேன், ஞாபகம் இருக்கும். அதற்கு முந்திய போட்டியில் முதலாவதாக வந்தவன் எங்கள் சில்லைக் குனிந்து பார்த்து எவ்வளவு என்று விசாரித்தான். ஒன்றரை என்றேன். "மதி மச்சங், மதி" என்று சிரித்துவிட்டுப் போனான். சிங்களத்தில், போதாதாம். அந்தச் சிரிப்பு எனக்குள் கிடந்து அரித்தது. தொடர்ந்து மூன்று போட்டியில் நான் நாலாவது.

"கொஞ்சம் கூட்டுவமே? ரெண்டரை?" என்றேன்.

"அவன்ரை டயர் வேறை, உன்ரை டயர் வேறை. இது ரோட்டு டயர். கூட்டினால் பிரேக் பிடிக்கேக்க உள்விளிம்பிலதான் நிப்பாய். ஒண்டரை காணும்."

"சரி" என்றேன். எவ்வளவு இலகுவாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

காரை வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தேன். உன் கருவிப்பெட்டியும் பின்னால் இருந்தது, போட்டிக்கு ஏற்றியபடி. சனிக்கிழமை ஆறு மணிபோல எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். காரை ஜாக்கியில் தூக்கி, உன் கோட்டைச் சவரப் பிளேட்டால் சுரண்டி, போல்டைத் தளர்த்தி, சில்லை உள்ளே தள்ளினேன். தண்ணீர்க் குழாய் இல்லை, ஓடு இல்லை, சீட்டில் ஆள் இல்லை. கைபேசியைச் சில்லில் சாய்த்து வைத்து, அதில் வந்த இலக்கத்தைப் பார்த்து இரண்டு பக்கமும் இரண்டரை என்று இறுக்கினேன். அந்தத் தளம் தண்ணீர் வழிந்தோட வலப்பக்கம் சரித்துக் கட்டப்பட்டது என்பது எனக்குத் தெரியும். ஆறு வருடம் அங்கேதான் கார் விட்டேன். அன்று அது ஞாபகத்துக்கு வரவில்லை, கைபேசி காட்டிய இலக்கத்தில் அந்தச் சரிவும் கலந்திருந்தது.

இவ்வளவும் அவசரக்காரனின் புத்தியீனம் என்று சொல்லித் தப்பலாம். அடுத்ததாகச் செய்ததற்கு அந்தச் சாட்டும் இல்லை. உன் பெட்டியிலிருந்து அந்தப் போத்தலை எடுத்தேன். பல்லுக்குத்தும் குச்சியும் அங்கேயே இருந்தது. நீ போடுகிற மாதிரியே, அதே இடத்தில், அதே நீளத்துக்குக் கோடு போட்டேன். முதலாவது கொஞ்சம் தடித்துவிட்டது என்று துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். காயும்வரைக்கும் பக்கத்தில் குந்தியிருந்தேன். வென்று காட்டிவிட்டு உனக்குச் சொல்வோம், நீ ஏசுவாய், பிறகு சிரிப்பாய் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மிச்சம் நீ பார்த்தது. ஏழாவது வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். கார் இடப்பக்கம் இழுத்தது. திருப்பினேன், திரும்பவில்லை. இடது முன் சில்லு கானுக்குள் விழுந்து, அதைத் தாங்கிய தண்டோடு சேர்ந்து உடைந்து, கார் கல்லுக்கட்டில் மோதி நின்றது. எனக்குத் தோளில் ஒரு கண்டலோடு போய்விட்டது. கார் அத்தோடு முடிந்தது. அந்த மேட்டை நீ ஓடி ஏறி வந்தாய். கதவைத் திறந்து என் முகத்தைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாய்.

தேயிலைத் தொழிற்சாலை முற்றத்துக்குக் காரை இழுத்து வந்ததும், வலது சில்லு தப்பியிருக்கிறது, அதை அளக்க வேண்டும் என்றாய். வேண்டாமடா என்றேன். கேட்கவில்லை. கெட்டுப்போன இடது பக்கத்தைக் கட்டைகளில் தூக்கி, மட்டம் பார்த்து, என்னையே சீட்டில் இருக்கச் சொன்னாய். நான் ஏறி இருந்தேன். பக்கக் கண்ணாடியில் உன் முகம் தெரிந்தது. ஒரு தரம் அளந்தாய். நூலை அவிழ்த்துத் திரும்பக் கட்டி இன்னொரு தரம் அளந்தாய். பிறகு டோர்ச்சை அடித்து உள்ளே அந்தக் கோட்டைப் பார்த்தாய். விரலால் தடவினாய்.

"மூண்டு நிக்குது மச்சான்" என்றாய். "கோடு அப்பிடியே இருக்கு. அப்ப ஒண்டும் அசையேல்லை. நான்தான் பிழையா வைச்சிருக்கிறன்."

அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். சுற்றி எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். "மதி" என்று சிரித்தவனும் நின்றான். அவர்கள் போகட்டும், பிறகு தனியே சொல்லலாம் என்று இருந்தேன். அவர்கள் போனார்கள். கொழும்புக்கு வரும் வழியெல்லாம் லொறியை நீ ஓட்டினாய், முன் சீட்டில் நீயும் நானும் தனியாகத்தான் இருந்தோம். ஐந்து மணித்தியாலம். நீ ஒரு சொல் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அடுத்த மாதம் எங்கள் காரோட்டக் கழகத்துக் கூட்டத்தில் நீயாகவே எழும்பி எல்லாருக்கும் விளக்கினாய். பிழை என்னுடையது என்றாய். ஒருவன் எப்படி இவ்வளவு வித்தியாசம் வந்தது என்று கேட்டான். நீ விரல்விட்டு எண்ணினாய். "கால் டிகிரி இவள் குக்கருக்கு எழும்பினதிலை. கால் டிகிரி குழாய்க்குள்ளை காத்துக் குமிழ் நிண்டிருக்கும். மிச்சம் என்ரை கண்ணிலை." எல்லாரும் சிரித்தார்கள். உன் பக்கத்தில் இருந்த சுபாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன் மச்சான். எழுதவே கை கூசுகிறது, ஆனால் சிரித்தேன்.

அதன் பிறகு நீ இன்னொரு காரைத் தொடவில்லை. கடையில் ஒவ்வொரு வில்லையையும் இரண்டு தரம், மூன்று தரம் பார்க்கத் தொடங்கினாய். சனம் காத்திருந்து முணுமுணுத்தது. உன் கண்ணையே சோதிக்கப் போனாய், ஒன்றும் இல்லை என்றார்கள், நீ நம்பவில்லை. ஒன்றரை வருடம் கழித்து நீயாகக் கேட்டுப் பின்னறையை விட்டு முன்னுக்கு வந்தாய், சட்டம் விற்க. "இதுவும் நல்லதுதான், ஏசிக்குள்ளை நிக்கலாம்" என்றாய். அந்தக் கடைக்கு முன்னால் நடக்க வேண்டாம் என்று நான் தெருவின் மற்றப் பக்கத்தால் போய் பஸ் எடுத்தேன். வயது நாற்பத்தெட்டு, மகளுக்கு உண்மை பேசு என்று புத்தி சொல்லும் தகப்பன்.

ஒரு நாள் சொல்லலாம் என்று வந்தேன்தான். நீ வாசலில் என்னைக் கண்டதும் உள்ளே பார்த்து, "சுபா, தேத்தண்ணி வை, என்ரை பிழையைப் பொறுத்துக்கொண்ட மனுசன் வந்திருக்கிறான்" என்றாய். அதற்குப் பிறகு நான் என்ன சொல்ல? கிரிக்கெட்டைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரிக்கும் வந்தேன். உன் இருதயம் இனிச் சரிவராது என்று டொக்டர் சுபாவிடம் சொல்லியிருந்தார். அவள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். இருபது நிமிடம் நீயும் நானும். நீ என் கையைப் பிடித்தாய்.

"நான் உன்னைக் கொல்லப் பாத்தனான் மச்சான். அந்த மேடு ஏறி ஓடி வரேக்க, நீ செத்துப்போனாய் எண்டுதான் நினைச்சனான். இன்னும் அந்த மேடு கனவிலை வருது."

"விடடா. பழைய கதை" என்றேன்.

மூன்றே சொல். அதற்குப் பதிலாக வேறு மூன்று சொல் சொல்லியிருந்தால் உனக்கு அந்த மேடு இறங்கியிருக்கும். சாகக் கிடப்பவனிடம் இதை ஏன் சொல்லிக் குழப்ப வேண்டும் என்று நான் எனக்கே நியாயம் சொன்னேன். குழப்பம் உனக்கில்லை. நீ என் கையை விட்டுவிடுவாய் என்று எனக்குப் பயம். உண்மை அவ்வளவுதான்.

கியூடெக்ஸ் மணத்துக்கு ஓடிப்போன அன்றைக்குப் பல்கனியில் நின்று முடிவெடுத்தேன், இனியாவது சொல்வதென்று. என் குணம் உனக்குத் தெரியுமே, முதலில் இலகுவானதைச் செய்தேன். கழகத்து வட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அவன் வைத்தது ஒன்றரைதான், போட்டிக்கு முதல் நாள் மாற்றியது நான், கோட்டையும் நான்தான் போட்டேன் என்று. நாலு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவன், அது சரி, இப்ப என்ன டயர் பாவிக்கிறாய் என்று கேட்டான். ஆறு வருடமாக நான் பயந்தது இவர்களுக்குத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். சுபா தனியாக இருந்தாள். முற்றத்தில் இப்போது பூச்சாடி வைத்திருக்கிறாள். உட்காரச் சொல்லித் தேத்தண்ணீர் தந்தாள். தொடங்கினால் முடிக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். கீழ்த்தளம், போல்ட், அவளுடைய போத்தல், கோடு, கழகத்தில் சிரித்தது, ஆஸ்பத்திரியில் சொல்லாமல் விட்டது, எல்லாம். அவள் இடைமறிக்கவில்லை. அழவும் இல்லை.

"அவருக்குச் சொன்னனீங்களோ?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லை."



"அப்ப நான் எழும்பினதாலை இல்லை" என்றாள்.

"இல்லை சுபா. நீங்கள் வந்து இருந்த பிறகு அவன் முதலிலையிருந்து அளந்தவன். மூண்டு தரம் அளந்தவன். நான் பக்கத்திலைதான் நிண்டனான்."

"அது எனக்கும் தெரியும். ஆனால் அவர் கால் டிகிரி எண்டு சொன்னவர்தானே. அவர் அளவிலை பிழை சொல்லமாட்டார் எண்டு நான் நம்பிப்போட்டன்." பிறகு மெதுவாகச் சொன்னாள். "கடைசிக் கிழமை, அவருக்குக் கதைக்க ஏலுமாய் இருந்த நேரம், நான் அவரிட்டை மன்னிப்புக் கேட்டனான் அண்ணா. அண்டைக்கு நான் அந்தக் குக்கருக்கு எழும்பியிருக்கக் கூடாது, அதாலை உங்கடை வேலையும் போச்சு, சிநேகிதனும் சாகப் பாத்தார் எண்டு. அவர் என்ரை தலையைத் தடவிப்போட்டு, அதை நான் எப்பவோ மன்னிச்சிட்டன் எண்டவர்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அந்த மன்னிப்பை இனி நான் என்ன செய்யிறது அண்ணா?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கடையில் மாறி வந்துவிட்ட சாமானை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். தேத்தண்ணீர் ஆறிப்போய் இருந்தது. குடித்துவிட்டு வந்தேன். வாசல்வரை வந்தாள், எப்போதும் போல "கவனமாப் போங்கோ அண்ணா" என்று சொல்லவில்லை. சொல்லாதது சரிதான்.

மச்சான், பிழையை நீ மூன்றாகப் பிரித்துவிட்டாய். அவளுக்குக் கால், குழாய்க்குக் கால், மிச்சம் உன் கண்ணுக்கு. எனக்கென்று ஒரு துளிகூட நீ வைக்கவில்லை. மன்னிப்பையும் அந்தக் கணக்கிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். அவள் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் நான் இப்போது கந்தோருக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு திரிகிறேன். அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் நீ ஒருவன்தான்.

உன் அளவு சரி. வலதும் ஒன்றரை, இடதும் ஒன்றரை. உன் கண்ணில் ஒரு குறையும் இருக்கவில்லை. இதைச் சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட எடுக்கவில்லை, பார்.